லைலுக்கு ஒரு துப்பாக்கி

கண்ணாடி மேசைமேல் இரண்டு துப்பாக்கிக் குழல்களை எடுத்து வைத்தாள் கடைக்காரி வெர்னா. லைல் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான்.

"நல்லதெல்லாம் உள்ள ஒளிச்சு வச்சிருப்பா. விடாதே, கேளுடா" என்றான் பக்கத்தில் நின்ற நண்பன் டர்க்.

வெர்னா சிரிக்கவில்லை.

மான் வேட்டை தொடங்க இன்னும் இரண்டு வாரம். மொன்டானாவில் இந்த நாட்களில் துப்பாக்கிக் கடைக்கு யார் வந்தாலும் அதிசயமில்லை. ஆனால் லைல் முழுத் துப்பாக்கி வாங்க வரவில்லை. பாகம் பாகமாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து தானே பூட்டப் போகிறானாம். அதுவும் தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேடிக். சுவரில் ஓர் அலமாரியை நேராக மாட்டத் துப்பில்லாத மனிதன் என்று அவன் மனைவி ஜோன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஜோன் மார்ச் மாதம் இறந்துபோனாள்.

அதனால்தான் வெர்னா அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் குழல் வேணும்?" என்று கேட்டாள்.

"ஏதோ ஒண்ணு" என்றான் லைல்.

இதே பதிலை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன் வந்தான். கைக்கு எட்டியதைக் காட்டி, ஏதோ ஒன்று போதும் என்றான். மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துக் கிடந்தான். துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது அவள்தான்.

அதன்பிறகு சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி கடை கடையாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதீர்கள், நேராகக் கேளுங்கள். கேட்பதால் யாரும் சாவதில்லை.

சொல்வது சுலபம். எதிரே நிற்பவன் பள்ளியில் கூடப் படித்தவனாக இருந்தால் நாக்கு எழுவதில்லை.

டர்க்கின் நாக்குக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. குழலை அவனே தேர்ந்தெடுத்தான். தோளில் வைக்கும் கட்டையை எடுத்து லைலின் தோளில் அழுத்திப் பார்த்து, "மெலிஞ்சிட்டடா, எலும்புதான் தட்டுது" என்றான். விசையைச் சுண்டி, காதருகே வைத்துச் சத்தம் கேட்டான். கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அவன் பேச்சுக்குச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் மிஞ்சியது ரிசீவர். விசையைத் தாங்கும் அந்த உலோகக் கூடு உள்ளங்கையில் அடங்கிவிடும். சட்டத்தின் கண்ணில் அதுதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் வெறும் இரும்பு. அதற்கு மட்டும்தான் படிவம் நிரப்ப வேண்டும், பெயரைச் சொல்லி மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

"வண்டியில ஒரு சாமான் இருக்கு, எடுத்திட்டு வந்துடறேன்" என்று டர்க் வெளியே போனான்.

இப்போது விட்டால் அவ்வளவுதான். வெர்னா படிவத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"லைல். செத்துப் போயிடலாம்னு உனக்கு நெனப்பு வருதா?"

லைல் குழலைத் தள்ளி வைத்தான்.

"ஏப்ரல்ல வந்துச்சு" என்றான். "இப்ப இல்ல. டர்க் எங்க விடறான்? விடிஞ்சா வந்து கதவத் தட்டுறான். காபி போட வைக்கிறான். குளிர்காலத்துல கைக்கு வேலை வேணும்னு இதையும் அவன்தான் ஆரம்பிச்சு வச்சான்."

அவன் கண் கலங்கியது. ஆனால் பொய் சொல்பவனின் கண் அல்ல அது. வெர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படிவத்திலிருந்து கையை எடுத்தாள். அவன் நிரப்பினான். அவள் தொலைபேசியில் மேலிடத்தைக் கேட்டாள். சில நிமிடத்தில் அனுமதி வந்தது.

டர்க் திரும்பி வந்தான். ஒரு கையில் கருவிப்பெட்டி. இன்னொரு கையில், குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கி மேல் பொருத்தும் ஸ்கோப். வண்டிச் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு, ஸ்கோப்பை லைலின் முன்னால் வைத்தான்.

"இதையே மாட்டிக்க. புதுசு எதுக்கு?"

அதை வைத்துத்தான் டர்க் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் ஜெயித்தான். துடைப்பதற்குக்கூட யாரிடமும் கொடுக்க மாட்டான்.

"உனக்கு?" என்றான் லைல்.

"எனக்குக் கண்ணு போச்சுடா. இந்தப் பெட்டியும் உனக்குத்தான். அப்புறம், வேட்டைக்குப் போறப்ப பிஸ்கட்டையும் கூட்டிட்டுப் போ. அப்படியே உன் வீட்டுலயே வச்சுக்க. அது எங்கிட்டவிட உங்கிட்டதான் நல்லா ஒட்டிக்கும்."

பிஸ்கட் டர்க்கின் நாய். அது ஏறாமல் அவன் வண்டி கிளம்பி ஊரில் யாரும் பார்த்ததில்லை. வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டியின் முன் இருக்கை காலியாக இருந்தது.

உயிராக வைத்திருந்ததையெல்லாம் அவன் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறான். காலையிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தது அழுதவனை. சிரிக்க வைத்தவனை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டர்க்" என்றாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். "செத்துப் போயிடலாம்னு இருக்கியா?"

டர்க் வாயைத் திறந்தான். ஏதாவது ஒரு கிண்டல் வந்துவிடாதா என்று மூன்று பேருமே காத்திருந்தார்கள், அவன் உட்பட.

வரவில்லை.

லைல் மேசைமேல் கிடந்த வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.