எதிர் வரிசை

சட்டமன்றத்தின் உயரமான சன்னல்கள் வழியே பிற்பகல் வெயில் சரிந்து, எதிர் வரிசையின் காலி நாற்காலிகள்மேல் கிடக்கிறது. அவற்றின் நடுவே, ஒரே எதிர்க்கட்சி உறுப்பினரான துளசி நின்று பேசுகிறாள். சிம்பாங் அம்பாட் ஊரின் ஆலைத் தொழிலாளர்களுக்கு விடியற்காலையில் ஒரு பேருந்து வேண்டும் என்பது அவளுடைய தீர்மானம். குரல் கம்மியிருக்கிறது. ஆளுங்கட்சி வரிசைகளில் கைப்பேசிகள் மினுங்குகின்றன. அங்கே மூத்த உறுப்பினர் டெரிக் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் தனியாளாக நின்று தொண்டை வற்றப் பேசியவர் அவர். அன்று அவர் எழுந்தாலே ஆளுங்கட்சிக்காரர்கள் பதில் தேடி அவசரமாகக் கோப்புகளைப் புரட்டுவார்கள். இன்று அவர் கட்சியின் ஆட்சி. அவர் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் யாரும் திரும்புவதில்லை.

“அண்ணே, நம்ம ஆளுங்க முப்பத்தஞ்சு பேரு லா. வோட்டு முடிஞ்சதும் தே தாரிக் குடிக்கப் போவோம்,” என்கிறான் பக்கத்து இருக்கை மோகனராஜ்.

“இரு தம்பி. அந்தப் பிள்ள பேசி முடிக்கட்டும்.”

சபாநாயகர் வாக்கெடுப்புக்கு அழைக்கிறார். ஆதரவாகத் துளசியின் ஒற்றைக் கை உயர்கிறது. வளையல்கள் முழங்கைவரை சரிகின்றன. அந்தக் கையோடு சேர்ந்துகொள்ள டெரிக்கின் விரல்கள் மேசைமேல் தவிக்கின்றன. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டதும் சுற்றிலும் கைகள் எழுகின்றன. அவருடைய கையும் எழுகிறது. வரிசை வரிசையாக நகர்ந்து வந்த துளசியின் பார்வை, அவரிடம் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது.