ஊற்றக் கூடாத ஆயில்

“இந்த வண்டிக்கு எந்த ஆயில் ஊத்தக் கூடாது, தம்பி?”

கேட்ட பெண்மணிக்கு அறுபத்து நான்கு வயது. கடைக்காரர் வழக்கம்போல எடுத்து வைத்த டின்னை அந்த அம்மா ஒரு விரலால் அவர் பக்கமே தள்ளிவிட்டார். அவர் கணவரின் லாரி ஆட்டோமேட்டிக் கியர் வைத்தது, முப்பத்தோரு வருடத்துப் பழசு. அதற்கு எந்த ஆயில் என்பது அந்த அம்மாவுக்கே தெரியும். இருபது வருடம் அந்த லாரியில் கணவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகச் சாமான் ஏற்றி இறக்கியவர்.

“ஊத்தக் கூடாததா?”

“ஆமா. கியர் பாக்ஸ் போயிடணும். ஆளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது.”

கடைக்காரர் திடுக்கிடுவார், திட்டுவார் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் அந்த அம்மா வந்திருந்தார். கடைக்காரர் திடுக்கிடவில்லை. பழந்துணியால் மேசையை ஒருமுறை துடைத்துவிட்டு, உட்காருங்க அக்கா என்று ஸ்டூலை நகர்த்தினார்.

அக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். வீட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு வருடமாகக் காலிச் சாலையிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறார். ஊரில் ‘ஹாரன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன மாதம் குடோன் வாசல் தூணைச் சாய்த்தார். தூண் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறதாம். திங்கட்கிழமை ஒரு சைக்கிள்காரன் சாக்கடையில் விழுந்து உயிர் பிழைத்தான். அந்தப் பழி பிரேக்கின் மேல் போயிற்று. போனில் செய்தி வந்தால், கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன், நீ படி என்று நீட்டுகிறார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கிறது.

“இப்படியே ஓட்டினா என்னைக்காவது ஒருநாள் யார் மேலயாவது ஏத்திட்டுத்தான் வருவார். இல்லைன்னா அவரே போய்ச் சேருவார்.”

“மகனை விட்டுச் சொல்லச் சொல்லலாமே.”

மகன் சொன்னால் சண்டைதான் மிஞ்சும் என்றார் அக்கா. டாக்டரிடம் கூட்டிப் போகலாமே என்றார் கடைக்காரர். எதற்கு என்று அவர் கேட்பாரே, அப்போது என்ன சொல்வது? லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எப்படியும் கண்ணைச் சோதிப்பார்களே என்று கடைக்காரர் இழுத்தார். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

கடைக்காரர் சற்று நேரம் டின்னின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “நீங்களே உட்காரவெச்சு வாயைத் திறந்து சொல்லிடுங்க, அக்கா. இன்னைக்கே.”

“அதை மட்டும் செய்ய மாட்டேன். கண்ணு தெரியலைன்னு நான் சொன்னா அன்னைக்கே அவர் கிழவராயிடுவார். வண்டி கெட்டுப்போச்சுன்னா வண்டிதானே கிழடு? அவருக்கு அதுல ஒரு குறையும் இல்லை.”

அதற்குமேல் கடைக்காரர் வாதாடவில்லை. அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, எண்ணெய்க் கை பட்டுக் கறுத்திருந்த ஒரு பக்கத்தைப் பிரித்தார். பழைய கியர் பாக்ஸில் உள்ள தகடுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். அதற்கென்றே அந்தக் காலத்து ஆயில். இப்போது வருகிற புது வகை வேறு மாதிரி. அதை ஊற்றினால் தகடுகள் வழுக்கும், சூடாகும், கருகும். பிறகு இன்ஜின் உறுமும், வண்டி நகராது.

“நடுரோட்டுல கவுத்துடாதே?”

“பிரேக் வேற, கியர் வேற, அக்கா. கிளம்பாது, அவ்வளவுதான். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

அக்கா வேலையை ஏற்கெனவே திட்டம் போட்டு வைத்திருந்தார். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை வீட்டுக்காரர் தூங்குவார். லாரிக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, மேலே அளவுக் கம்பி செருகும் குழாய் வழியாகப் புதியதை ஊற்றிவிட்டால் முடிந்தது. எத்தனையோ தடவை அவர் மாற்றும்போது டார்ச் பிடித்தவர்தான். புடவை பாழாகும், பரவாயில்லை. கொன்ற பாவம் லாரியோடு போகட்டும்.

புது வகை டின் மேசைக்கு வந்தது. ஆனால் கடைக்காரர் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“இது எத்தனை நாள்ல வேலை செய்யும், தம்பி?”

“அதுதான் எனக்கும் தெரியலை, அக்கா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கியிருக்கார்.” கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “மூணு மாசமா இதைத்தான் வாங்கிட்டுப் போறார். நீங்க சந்தைக்குப் போற நேரமா பார்த்து மாத்துறாராம். கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்களாம், வண்டி கெட்டுப்போச்சுன்னா கவலைப்பட மாட்டீங்களாம். நேத்துகூட வந்து, அது இன்னும் ஜம்முனு ஓடுது, இதைவிட மோசமான ஆயில் ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டுப் போனார்.”