தையல் அறைக்குப் போன தலையணை

என் மனைவி வெர்னா தலையணையைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்குக் குடிபோய்விட்டாள்.

சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்திருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

"பரண் ஃபேன் சத்தத்துல தூக்கம் வரலை எல்லிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

லூசியானாவில் எங்களைப் போல் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த ஃபேன்தான் கதி. நடையின் மேற்கூரையில் பதித்திருக்கும். ராத்திரி ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு அதைப் போட்டால், வீட்டுப் புழுக்கத்தை உறிஞ்சிப் பரண் வழியாக வெளியே தள்ளும். எங்கள் ஃபேனின் மோட்டாருக்கு வயதாகிவிட்டது, முனகத்தான் செய்யும். ஆனால் தூக்கம் கெடுகிற அளவுக்கு ஒரு சத்தம் என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. எனக்குத் தலையணையில் தலை பட்டால் அடுத்தது விடியல்தான்.

இவளுக்குக் காது ரொம்ப நீளம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்சீட் ஆரம்பித்தான். தக்காளி பழுத்தாலும் குறை, பழுக்காவிட்டாலும் குறை என்று வாழ்கிற மனிதன்.

"என்னப்பா உன் ஃபேன், ராத்திரியெல்லாம் அரிசி மில்லு ஓடுற மாதிரி ஓடுது. என் நாய் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குது."

"ஃபேன்னு உனக்கு யார் சொன்னது?"

"வெர்னாதான் சொன்னா."

விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிறவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டு ஃபேன் விஷயத்தை ஊர் முழுக்கத் தண்டோரா போடுவார்களா?

மோட்டாரை மாற்றிவிடுகிறேன் என்றேன். அதற்கும் தடை போட்டாள். "வேண்டாம் விடு. பழசுன்னா அப்படித்தான் இருக்கும். எனக்குத் தையல் அறை பழகிடுச்சு."

அந்தப் 'பழகிடுச்சு'தான் என்னைக் குத்தியது. பழகிவிட்டால் திரும்பி வரமாட்டாளே. இவ்வளவு பெரிய கட்டிலில் தனியாகக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மோட்டாருக்காகப் பெண்டாட்டியை இழக்க முடியாது என்று சனிக்கிழமை பரணில் ஏறினேன்.

ஆகஸ்ட் மாதத்துப் பரண் என்பது அடுப்பு. மோட்டாரைக் கழற்றும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. திரும்பும்போது உத்தரக்கட்டையில் வைக்க வேண்டிய காலைக் கூரைப் பலகையில் வைத்தேன். பலகை பொத்துக்கொண்டு, என் கால் முழங்கால் வரை படுக்கையறைக்குள் தொங்கியது.

கீழேயிருந்து குரல் வந்தது. "எல்லிஸ், இது உன் கால்தானே?"

"ஆமா."

"ஷூவைத் துடைச்சிட்டு ஏறியிருக்கலாம்."

ஒரு வழியாக மோட்டாரைக் கீழே கொண்டுவந்து, சமையலறை மேஜையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். புது மோட்டார் திங்கட்கிழமைதான் வரும் என்றான் கடைக்காரன். அதனால் என்ன?

"இன்னிக்கு ஃபேனே கிடையாது, சத்தமும் கிடையாது. தலையணையை எடுத்துட்டு வா" என்றேன்.

வெர்னா என்னைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். பிறகு மறுபேச்சில்லாமல் தலையணையோடு வந்து படுத்தாள். ஜன்னல்களை அகலமாகத் திறந்துவிட்டு, சாதித்துவிட்ட திருப்தியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பக்கத்தில் ஆள் இல்லை. தலையணையும் இல்லை.

சமையலறையில் சிக்கரிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "புழுக்கம் தாங்கலை. அதான் அங்க போயிட்டேன்" என்றாள்.

காப்பியோடு தோட்டத்துக்கு வந்தால், வேலி ஓரம் அல்சீட் காத்திருந்தான். அவன் கண்ணும் சிவப்பு.

"நேத்து மாதிரி என்னைக்கும் இல்லை எல்லிஸ். உன் ஃபேன் வீட்டையே பேத்து எடுத்துருச்சு. அந்த மோட்டாரைக் கழட்டித் தூர எறிப்பா, புண்ணியமாப் போகும்."

அதை நேற்று மதியமே கழட்டியாச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். கழற்றிப்போட்ட மோட்டார் எப்படி ஓடும்? அப்படியானால் இத்தனை நாளாக அரிசி மில் ஓடியது பரணில் இல்லை. கட்டிலில்.

அதற்குள் வெர்னா அவசரமாகப் படியிறங்கி வந்தாள்.

"தப்பா நினைக்காதே அல்சீட். எல்லாம் அந்தப் பாழாப்போன மோட்டார்தான். இவரு நாளைக்கு மாத்திடறாரு."

அவளுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் வழியாக, அந்தப் பாழாய்ப்போன மோட்டார் மேஜையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று பழியை அதன் தலையில் ஏற்றி, கோயில் வாசல்வரை கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நானோ அவளுக்குத்தான் காது நீளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா அல்சீட். ரொம்பப் பழைய மோட்டார். நான்தான் கவனிக்கலை" என்றேன்.

அன்று சாயங்காலம் வெர்னாவின் தலையணையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டேன். என்னுடையதை எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு நடந்தேன். அந்த அறையின் கதவு நன்றாக மூடுகிறதா, ஜன்னல் தாழ்ப்பாள் விழுகிறதா என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

"எங்க போற எல்லிஸ்?"

"பரண் ஃபேன் சத்தத்துல தூக்கம் வரலை வெர்னா."