பார்க்க மட்டும்

மடிக்கேரிக்கு மேலே, மூன்று அறைகளை விருந்தினருக்கு விடும் வீட்டின் ஓட்டில் காலை மழை விடாமல் பெய்கிறது. பொன்னப்பா மேசையிலிருக்கும் கைபேசியில் ஏஐ உதவியாளரிடம் கேட்கிறார்: "கைல்போது பண்டிகைக்கு யாரு வர்றா?" பெங்களூரிலிருக்கும் மகள் தேச்சம்மாதான் அதை முன்பதிவுப் பட்டியலோடு இணைத்துக் கொடுத்தாள். வருடாவருடம் விளையாட்டாக, விருந்தாளிபோல அவளும் அதில் அறை எடுப்பாள். "யாரும் இல்லை. இரண்டாம் அறையைத் தேச்சம்மா இன்று ரத்து செய்திருக்கிறார்." பொன்னப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "திரும்ப அவ பேரப் போடு." "எனக்குப் பட்டியலைப் பார்க்க மட்டும்தான் அனுமதி. மாற்ற முடியாது." சமையலறையிலிருந்து, அங்கே சமையல் வேலை பார்க்கும் பாக்யா கத்துகிறாள்: "அதுகிட்ட ஏண்ணா மல்லுக்கட்டுறீங்க? பொண்ணுக்கே போன் போடுங்க!" "போட்டேன். எடுக்கல." ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள் பனிமூட்டத்தில் மறைகின்றன. "ரத்து பண்ணின பதிவுல என்ன வேணும்னு எழுதியிருந்தா? அதையாவது படி." "கடம்புட்டு, பன்றிக்கறி. சாப்பிடும்போது வீட்டுக்காரர் பரிமாறக் கூடாது, கூட உட்கார வேண்டும்." பாக்யா அடுப்பைத் தணிக்கிறாள். பொன்னப்பா நாற்காலியைக் கைபேசிக்கு அருகே இழுத்துப்போட்டு உட்காருகிறார். "இன்னொரு தடவ படி," என்கிறார்.