சராசரிக் கால்

இலவசச் செயற்கைக்கால்கள் எல்லாம் ஒரே அச்சில்தான் வரும் என்று நன்கொடையாளர் சொல்லிவிட்டார். அதனால் முகாமுக்கு வந்தவர்களை உட்கார வைத்து, முட்டிக்குக் கீழே மிச்சமிருந்த காலை அமலி டேப்பால் அளந்தாள்.

"இடைநிலையை எடுக்கலாம் சார்," என்றாள் டாக்டரிடம். "ரெண்டு பேருக்குக் கால் மிச்சமே இல்லை. சராசரியைக் கீழே இழுத்துடுவாங்க."

"இடைநிலைன்னா நடுவுல நிக்கிற ஒருத்தரோட கால். சராசரியில எல்லாரும் இருக்காங்க. யாரையும் விட்டுட்டோம்னு பேச்சு வராது. திட்டவிலக்கம் எவ்வளவு?"

"நாலு சென்டிமீட்டர்."

"நாலுதானே. சரி பண்ணிக்கலாம்."

கால்கள் வந்தன. ஒன்றுகூட யாருக்கும் பொருந்தவில்லை. முகாமுக்கு வந்திருந்த சவரிமுத்துவின் மிச்சக் கால் அச்சைவிட ரெண்டு சென்டிமீட்டர் நீளமாக இருந்தது. இடைநிலையில் அச்செடுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். நின்றால்தான் அவனுக்குத் தறியில் வேலை. அறுவை அறைக்கு அனுப்பினார்கள்.

நீளம் போதாதவர்கள் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். சக்கர நாற்காலி கடந்தபோது ஒருவர் சிரித்தார்.

"கொடுத்து வச்சவன்யா நீ. வெட்டுறதுக்கு இருக்கு."

சவரிமுத்து கூச்சத்தோடு தலைகுனிந்தான். கதவருகே அமலியைப் பார்த்ததும், "கூட்டல்ல தப்பு எதுவும் இல்லியேம்மா?" என்று கேட்டான்.

அவள் மனதுக்குள் இன்னொருமுறை கூட்டிப் பார்த்தாள்.

"இல்லண்ணா."

அவன் நிம்மதியாக வேட்டியை ஒதுக்கி, டாக்டர் பேனாவால் கோடு போட வசதியாகக் காலை நீட்டினான்.