ஐந்தாவது மாற்றம்

கனடாவில் இறந்துபோன அண்ணன் நடித்த நாடகத்தின் டிவிடியைப் பூங்குழலி கணினியில் போட்டாள். இது வேறு வட்டாரத்துத் தட்டு, வட்டார எண்ணை மாற்று என்றது கணினி. கடலையே தாண்டி வந்துவிட்ட தட்டுக்கு வீட்டுக்குள் எல்லைக்கோடு கிழித்தவன் எவன்? அந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம். சிங்கப்பூரில் வாங்கிய சண்டைப் படங்களுக்காக அவள் கணவர் மணவாளன் அங்குமிங்குமாக மாற்றி, நான்கைத் தீர்த்திருந்தார்.

“இதையும் மாத்திட்டா அப்புறம் நம்ம ஊர் டிவிடி ஒண்ணும் ஓடாதும்மா.”

“உங்க சண்டைப்படம் நாளைக்கே டிவியில வரும். எங்கண்ணன் வருவாரா?”

அவள் கனடாவின் எண்ணை அழுத்தினாள். தட்டு சுழன்றது. இருண்ட திரைக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

இருவரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.