யோன்சுக்கின் மௌனம்

மோக்போ அரங்கில் அத்தனை வாத்தியங்களும் ஒரே நேரத்தில் வாயடைத்து நின்றன.

கடைசி வரிசையில் யோன்சுக் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளே எழுதிய இசைதான். இருந்தாலும் இந்த இடம் வந்தால் அவள் கண் மேடையை விட்டு ஜனங்கள் பக்கம் போய்விடும்.

உலகம் முழுக்க அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த மௌனம்தான். பெர்லினில் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதினார்கள். பாரிஸில் ஒருவர் இதைக் கிழக்கின் ஆழம் என்றார். சியோலில் இந்த இடத்தில் தும்மிவிட்ட ஒருவர், வாசலில் காத்திருந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

விருதுகள் வரிசைகட்டி வந்தன. ஒவ்வொரு ஊரிலும் அவள் இப்படித்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மௌனம் முடிந்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள்.

பிறந்த ஊரான மோக்போவில் இன்றைக்குத்தான் முதல் தடவை. ஒலிப்பதிவு வேறு ஓடுகிறது. வந்தவர்கள் கையிலெல்லாம் இருமல் மிட்டாயைத் திணித்து, செல்போனை அணைக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தார் அரங்க மேலாளர் பாங். மீன் மார்க்கெட் ஜனங்களை நம்ப முடியாது என்பது அவர் கவலை.

இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் தூக்கிய கையோடு சிலையாக நின்றார்.

"பலே!"

நடு வரிசையில் தொப்பி போட்ட ஒருவர், தொடையில் தட்டி, அடிவயிற்றிலிருந்து போட்ட சத்தம் அது.

பக்கத்திலிருந்த மனைவி அவர் விலாவில் ஓங்கி இடித்தாள். "வாய மூடுய்யா! நடுவுல நடுவுல பலே போட இது என்ன நம்ம பான்சோரிப் பாட்டா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. கண்டக்டரும் சிரிப்பை அடக்க முடியாமல் கையை இறக்க, வாத்தியங்கள் துள்ளிக்கொண்டு கிளம்பின.

பாங் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து யோன்சுக்கின் காதருகே குனிந்தார். அந்த ஆளை உடனே வெளியே அனுப்பிவிடுவதாகவும், மௌனத்தை நாளைக்குத் தனியாகப் பதிவு செய்து ஒட்டிவிடலாம் என்றும் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் கண் நிறைந்திருப்பதைப் பார்த்ததும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

யோன்சுக் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அவரு இருக்கட்டும் பாங். ஒரு ஆளாவது பலே போட மாட்டாங்களான்னுதான், முப்பது வருஷமா அந்த எடத்தக் காலியா விட்டு வச்சிருக்கேன்."